கணக்குக் காட்டாமல் பதவி விட்டு இறங்க முடியாத ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தர வகுப்பில் 'கிரேக்க உரோம நாகரிகம்' என்றொரு பாடம் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பிரயோசனம், அதை எடுத்துவிட்டு வேலைக்கு உதவும் பாடமொன்றை வைக்கலாமே என்று அன்பர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் கச்சேரி வாசலில் நிற்பதைத் திருகோணமலையில் பார்க்காதவர் யார்? ஆனாலும் அந்தப் பாடத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களாகிய நாம் படிக்கவேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும் வேலையிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று இந்த மாவட்டத்தில் நான் பேரேடு புரட்டாத பகுதி குறைவு. என் பேத்தி இப்போது அந்தப் பாடத்தைத்தான் படிக்கிறாள். அவளுடைய குறிப்புக் கொப்பியில் பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்துப் பதவியாளர்கள் கணக்குக் காட்டிய முறையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தது. அதை வாசித்த பிறகு விடமுடியாமல் தேடித்தேடி வாசித்தேன்.

ஏதென்சில் அநேகமாக எல்லாப் பதவியும் ஒரு வருடத்துக்குத்தான். பெரும்பாலான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கி ஆளை எடுத்தார்கள். படைத்தளபதி போன்ற சிலவற்றுக்கு மட்டும் வாக்கெடுப்பு. பதவி ஏற்கு முன்னரே ஒரு விசாரணை உண்டு. உன் தகப்பன் யார், எந்த ஊர், குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது, தாய் தகப்பனை நன்றாகப் பார்க்கிறாயா, வரி கட்டுகிறாயா, போருக்குப் போனாயா என்று கேட்பார்கள். பிறகு கூடியிருப்பவர்களைப் பார்த்து, இவர்மேல் குற்றம் சொல்ல யாரும் உண்டா என்று கேட்பார்கள். தாய் தகப்பனைப் பார்க்காதவன் ஊரைப் பார்ப்பானா என்று எங்கள் கிழவிகள் சொல்வதைத்தான் அவர்கள் சட்டமாகவே வைத்திருந்தார்கள்.

வருடம் முடிந்ததும்தான் முக்கியமான கட்டம். பதவி முடிந்த 30 நாட்களுக்குள் கணக்கை ஒப்படைக்கவேண்டும். அதைப் பார்ப்பதற்குச் சீட்டுக் குலுக்கி எடுத்த 10 கணக்குப் பரிசோதகர்கள். அவர்கள் பார்த்து முடிந்ததும் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 501 குடிமக்கள் நடுவர்களாக இருப்பார்கள். அதோடும் முடியாது. அதற்குப் பின் மூன்று நாட்களுக்கு, சந்தைவெளியில் தங்கள் குலத் தலைவர்களின் சிலைகளுக்குப் பக்கத்தில் வேறு 10 அதிகாரிகள் வந்து உட்காருவார்கள். போன வருடம் பதவியில் இருந்தவர்மேல் முறைப்பாடு இருக்கிறவர் வெள்ளை பூசிய பலகையொன்றில் தன் பெயர், அவருடைய பெயர், அவர் செய்த பிழை, அதற்கு என்ன தண்டம் என்பதை எழுதிக் கையில் கொடுக்கலாம். மரக்கறி வாங்க வந்தவரும் கொடுக்கலாம்.

அதில் என்னைப் பிடித்து நிறுத்திய ஒன்று, முறைப்பாட்டுக்காரர் தன் பெயரை எழுதியே ஆகவேண்டும் என்பது. என் உத்தியோகத்தில் நான் கண்ட முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் மொட்டைப் பெட்டிசம். யார் எழுதினார் என்று தெரியாது. எதை வைத்து எழுதினார் என்று கேட்கவும் முடியாது. உண்மையான குற்றமும் பக்கத்து வீட்டுக் கோபமும் ஒரே தபாலில் வரும். ஏதென்சில் பெயரைப் போட்டு முன்னுக்கு வரவேண்டும். பொது வழக்குப் போட்டவருக்கு நடுவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூட ஆதரவாக வாக்களிக்காவிட்டால் 1,000 திராக்மா தண்டம் கட்டவேண்டும். ஒரு திராக்மா ஒரு நல்ல தொழிலாளியின் ஒரு நாட் சம்பளம் என்றால் அது எவ்வளவு பெரிய காசு என்பது விளங்கும். கேட்பவருக்கும் பொறுப்பு, காட்டுபவருக்கும் பொறுப்பு.

கணக்கு முடியும்வரை அந்தப் பதவியாளரின் கை கட்டப்பட்டிருந்தது. கி.மு. 330 இல் எஸ்கினிஸ் என்ற பேச்சாளர் நீதிமன்றத்தில் நிகழ்த்திய வாதத்தில் அந்தச் சட்டத்தை விபரமாகச் சொல்கிறார். கணக்குத் தீராதவர் நாட்டை விட்டு வெளியே போகமுடியாது. தன் சொத்தைத் தெய்வத்துக்கு எழுதிவைக்க முடியாது. மரணசாதனம் எழுதமுடியாது. பூசகர்களும் பூசைசெய்யும் பெண்களும்கூடக் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள். பொதுப் பணத்தில் ஒரு சதமும் கையில் வாங்காதவர், ஒரு சதமும் செலவழிக்காதவர்கூட, நான் வாங்கவுமில்லை செலவழிக்கவுமில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

2022 ஆம் ஆண்டில் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாங்கள் வெயிலில் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்தப் பொருளாதார நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2023 நவம்பரில். பொறுப்பானவர்கள் அதற்கு முன்பே கதிரையை விட்டுப் போய்விட்டார்கள். பதவி விட்டு இறங்கும் படியிலேயே கணக்கைக் கேட்கும் வழக்கம் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எங்கள் ஊரில் கணக்குக் கேட்டால் அவமானப்படுத்தியதாக நினைக்கிறார்கள். ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் எனக்கு நல்ல ஞாபகம். வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று வாங்கியதாகக் கணக்கில் இருந்தது. விலை உருண்டைத் தொகையாக இருந்தது. பின்வரிசையில் இருந்த இளம் மீனவர் ஒருவர் எழுந்து, "அண்ணே, அந்த எஞ்சினுக்கு ரசீது இருக்குதோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். மேடையில் இருந்தவரின் முகம் மாறிவிட்டது. "என்ன தம்பி, எங்களில நம்பிக்கை இல்லையோ?" என்றார். சபை முழுவதும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கணக்கு ஏகமனதாக நிறைவேறியது.

நம்பிக்கை இல்லையோ என்ற அந்தக் கேள்விதான் எங்கள் பொதுவாழ்வைக் கெடுக்கிறது. ஏதென்சில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. எல்லோரும், ஒருவர் விடாமல், ஒவ்வொரு வருடமும் கணக்குக் காட்டும்போது அதில் யாருக்கு என்ன அவமானம்? நல்லவரும் காட்டினார், கெட்டவரும் காட்டினார். சந்தேகத்தின் பேரில் ஒருவரை மட்டும் கேட்டால்தான் அது அவருக்கு அவமானம்.

இதற்கு எதிர்ப்பக்கமான கதையும் உண்டு. அதை எழுதியவர் புளூட்டாக் என்ற கிரேக்க எழுத்தாளர். சம்பவம் நடந்து 500 வருடங்களுக்கு மேல் கழித்து எழுதியவர். 'நேர்மையாளர்' என்று பெயரெடுத்த அரிஸ்டைடீஸ் பொது வருமானத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது, முன்னர் பதவியில் இருந்தவர்களின் களவுகளை வெளிக்கொண்டு வந்தார். அவர்களெல்லாம் ஒன்றுசேர்ந்து, அவர் கணக்குக் காட்டும் நேரத்தில் அவரையே கள்வன் என்று மாட்டிவிட்டார்கள். நல்ல மனிதர்கள் எழுந்து நின்றதால் தண்டம் நீங்கியது. அதே பதவியும் திரும்பக் கிடைத்தது. இரண்டாம் முறை அவர் கண்டும் காணாமல் இருப்பதுபோல நடித்தார். களவெடுத்தவர்களுக்கு ஒரே சந்தோசம். இவரையே திரும்பவும் போடுங்கள் என்று கைபிடித்துக் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். வாக்களிக்கும் நேரத்தில் அரிஸ்டைடீஸ் எழுந்து, நான் நேர்மையாக வேலை செய்தபோது என்னைத் திட்டினீர்கள், கள்வர்களுக்கு இடம் விட்டபோது புகழுகிறீர்கள், அந்தத் திட்டைவிட இந்தப் புகழ்தான் எனக்கு வெட்கம் என்று சொன்னாராம். கணக்குப் பரிசோதகர் ஒருவருக்கு இந்தக் கதை எவ்வளவு அருகில் வரும் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கல்லில் வெட்டிய கணக்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏதென்சின் பெரிய கோயிலான பார்த்தினன் கட்டும் வேலை கி.மு. 447 இல் தொடங்கியது. வேலை நடந்த 15 வருடங்களின் வரவும் செலவும் வருடம் வருடமாகச் சலவைக்கல்லில் வெட்டப்பட்டன. உடைந்த துண்டுகளாக இன்றும் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள எரெக்தியன் என்ற கோயிலின் கணக்கு இன்னும் விபரமானது. கி.மு. 409 முதல் சில வருடங்களில் அந்தக் கோயிலில் வேலை செய்தவர்களின் பெயரும் அவர்கள் பெற்ற சம்பளமும் அதில் உண்டு. தூணில் வரி செதுக்கியவர்களில் குடிமகனும் உண்டு, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவரும் உண்டு, அடிமையும் உண்டு. நாட் சம்பளம் எல்லோருக்கும் ஒரு திராக்மா. அடிமையின் சம்பளம் அவன் கையில் நின்றதா, எசமானின் மடிக்குப் போனதா என்பது வேறு கதை. கட்டிட வேலைக்குத் தலைமை தாங்கிய கலைஞருக்கும் கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு திராக்மாதான். கணக்கு எழுதுவதற்கு வாங்கிய பலகைக்கும் தாளுக்கும் எவ்வளவு போனது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஏனென்றால் அப்படி எழுதிய ஒருவரை நான் இங்கே கண்டிருக்கிறேன். வடக்குப் பக்கக் கரையோரக் கிராமமொன்றின் மீனவர் சங்கத்துப் பொருளாளர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ரசீதுகளை மூலையில் துளைத்துத் தங்கூசியில் கோர்த்து மாலைபோல வாடியின் கப்பில் தொங்கவிட்டிருப்பார். சிட்டைக் கொப்பியில் ஐஸ்கட்டி, மண்ணெண்ணெய், கூட்டத்துக்கு வாங்கிய தேயிலை, சீனி, அந்தக் கொப்பி வாங்கிய காசு எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். மாதம் ஒருமுறை கரையிலேயே எல்லோரையும் இருத்தி வரி வரியாகச் சத்தமாக வாசிப்பார். வலை தைத்துக்கொண்டே கேட்பார்கள். இடையில் யாராவது நிறுத்திக் கேட்டால், இடத்திலேயே தங்கூசியை அவிழ்த்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டுவார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

பெரிய படிப்புப் படித்தவர்கள் நடத்திய வேறு சங்கங்களில் 'இதர செலவு' என்ற ஒரு வரியில் எவ்வளவோ ஒளிந்திருந்ததையும் பார்த்தேன். ஏதென்சிலும் அது நடந்தது. ஏதென்சின் பெரிய தலைவரான பெரிக்கிளீஸ் ஒரு படையெடுப்புக் கணக்கில் 10 தாலந்தை 'தேவையானதற்குச் செலவழித்தது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் இருந்த மரியாதையால் மக்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று புளூட்டாக் சொல்கிறார். எதிரிப் பக்கத்து ஆலோசகருக்குக் கொடுத்த கையூட்டு அது. ஒரு தாலந்து 6,000 திராக்மா. 10 தாலந்து என்றால் 60,000 நாட் சம்பளம். ஊரைக் காப்பாற்றத்தான் கொடுத்திருக்கலாம். ஆனாலும் நான் அந்தக் கணக்கைப் பரிசோதித்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். பெரிய மனிதர் என்பதற்காக ஒரு வரியை விட்டால், அடுத்த வருடம் சிறிய மனிதரும் அதே வரியை எழுதிக்கொண்டு வருவார்.

அதே பெரிக்கிளீஸ் காலத்தில் நடந்த இன்னொன்றை எங்கள் கோயில் நிருவாகங்கள் கவனிக்கவேண்டும். பார்த்தினனில் வைத்த அதீனா தெய்வத்தின் சிலையில் ஏறக்குறைய 40 தாலந்துத் தங்கம் இருந்தது. எங்கள் நிறையில் 1,000 கிலோவுக்கு மேல். அந்தத் தங்கத் தகடுகளைக் கழற்றக்கூடிய மாதிரிச் செய்யும்படி பெரிக்கிளீஸ் சிற்பி பீடியாசுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். தங்கத்தில் களவு என்று பீடியாஸ்மேல் குற்றம் வந்தபோது, கழற்றி நிறுத்துப் பாருங்கள் என்றார் பெரிக்கிளீஸ். பேச்சு அங்கேயே முடிந்தது. திருவிழா முடிந்ததும் வரவு செலவை மண்டபச் சுவரில் ஒட்டும் கோயில்களும் பள்ளிவாசல்களும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்களை மனதார மதிக்கிறேன். ஒட்டாத இடங்களும் இருக்கின்றன. சாமியின் நகையை வருடத்தில் ஒருநாள் ஊர் முன்னிலையில் நிறுத்து எழுதினால் தெய்வக் குற்றம் ஒன்றும் வந்துவிடாது.

ஏதென்சைத் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். நான் அங்கே பிறந்திருந்தால் சபையில் வாய் திறந்திருக்க முடியாது. பெண்ணுக்கு வாக்கு இல்லை; அடிமைக்கும் குடியேறியவருக்கும் இல்லை. இலங்கையில் 1931 இல் எங்கள் பாட்டிமாருக்குக் கிடைத்த வாக்கு அந்தப் பெண்களுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. கோபத்தில் கணக்குப் பார்த்ததன் விளைவையும் அவர்கள் கண்டார்கள். கூட்டணி நாடுகளின் நிதிக்குப் பொறுப்பான பொருளாளர்கள் பணத்தைக் கையாடினார்கள் என்று ஒருமுறை ஊர் கொதித்தது. ஒருவர் பின் ஒருவராக மரணதண்டனை. கடைசியாக ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில்தான் பணம் எப்படிக் காணாமல் போனது என்ற உண்மை வெளிவந்தது. அவரைத் தண்டனை நிறைவேற்றுபவர்களின் கையிலிருந்து மீட்டார்கள். மற்றவர்கள் குற்றமில்லாமல் செத்துப்போனார்கள். அந்திபோன் என்பவர் எழுதிக் கொடுத்த பேச்சில், குற்றம் சாட்டப்பட்ட வேறொருவர் நீதிமன்றத்தில் இதை எடுத்துச் சொல்லித்தான் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சினார். முகநூலில் ஒரு ரசீதுப் படத்தைப் போட்டு ஒரே இரவில் ஒருவரைக் கள்வனாக்கும் எங்கள் இளைஞர்கள் இந்தக் கதையைப் படிக்கவேண்டும். விசாரணை முடியும் முன் வரும் தீர்ப்பால் கணக்குத் தெளிவாகாது.

இது வெள்ளைக்காரர் தேசத்துச் சரக்கு, எங்களுக்கு ஏன் என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்கட்டும். கி.பி. 919 இலும் 921 இலும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுதிப் போடுவதற்குத் தகுதி என்ன என்று வரிசையாகச் சொல்லும்போது, முன்பு வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உறவினருக்கும்கூட! எங்கள் நிலாவெளியிலும் கோணேசர் கோயிலுக்கு விட்ட நிலத்தைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பொதுச் சொத்தை ஊரறிய எழுதிவைக்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது, இடையில் விட்டுவிட்டோம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். 2025 மே 6 இல் நாங்கள் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்தோம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லவேண்டும். 2018 இல் தேசிய கணக்காய்வுச் சட்டமும் வந்தது. கணக்காய்வு அறிக்கைகள் இணையத்தில் கிடக்கின்றன. சட்டம் இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் இதிலெல்லாம் நாங்கள்தான் தேடிப் போகவேண்டும், நாங்கள்தான் விண்ணப்பம் எழுதவேண்டும். மீன் விற்கும் பெண்ணால் அது முடியுமா? ஏதென்சில் கணக்கு சந்தைக்கு வந்தது. எங்கள் ஒழுங்கையில் வடிகான் வேலைக்கு நட்ட பலகையில் மதிப்பீட்டுத் தொகை பெரிதாக எழுதியிருக்கிறது. வேலை முடிந்த பிறகு உண்மையில் என்ன செலவு, மிச்சம் என்ன என்று அதே பலகையில் எழுதுவதற்கு ஒரு டப்பா மை போதும்.

ஆகவே எங்கள் மாவட்டத்துச் சபை உறுப்பினர்களிடம், எந்தக் கட்சியானாலும், ஒரு வேண்டுகோள். டிசம்பர் 31 இல் நிதியாண்டு முடிந்ததும் உங்கள் வட்டாரத்தில் என்ன செலவானது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதுங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலோ, சந்தை வாசலிலோ, மீன் இறக்கும் கரையிலோ மூன்று நாட்கள் மேசை போட்டு உட்காருங்கள். கேட்பவர் பெயர் சொல்லிக் கேட்கட்டும்; நீங்கள் ரசீதைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். ஒன்றும் செலவழிக்காத உறுப்பினர் அதையே எழுதிக் கொண்டுவாருங்கள். இதற்குப் புதிய சட்டமோ கொழும்பின் அனுமதியோ தேவையில்லை.

மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கோயில், பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம் எதுவானாலும், இப்படி ஊரறியக் கணக்கு வைக்க விரும்பியும் எழுதத் தெரியாமல் தயங்கினால் நான் வந்து எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். சிட்டையும் ரசீதுகளும் மட்டும் இருந்தால் போதும். விபரம் வேண்டுவோர் பத்திரிகை மூலம் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பரிசோதகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.